காசநோய் நீங்கியது, மூச்சு திரும்பியதா?

காசநோய்க்கு மருந்து உண்டு. அதை ஆறு மாதம் தவறாமல் உட்கொண்டால் பெரும்பாலோர்க்கு நோய் நீங்கும். இதை இன்று பள்ளிச் சிறுவர்களும் அறிவர். மருந்து முடியும் காலத்தில் சளியைச் சோதிக்கிறார்கள். தொடக்கத்தில் கிருமி காணப்பட்டவரின் சளியில் இப்போது கிருமி இல்லையெனில், பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே 'குணமடைந்தார்' என்று பதிவாகிறது. இந்த ஒரு சொல் எதை அளந்து சொல்லப்படுகிறது, எதை அளக்காமல் சொல்லப்படுகிறது என்பதைத் திறனாய்வு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நான் மருத்துவன் அல்லன்; இயற்பியல் கற்பிப்பவன். ஆனால் ஓர் அளவுகோல் எதை அளக்கிறது என்று கேட்பது இயற்பியல் படித்தவனுக்கு உரிய வேலைதானே?

சென்னை ஆய்வின் பெருமை

நம் நாட்டில் இச்சொல்லுக்கு இன்றுள்ள பொருள் நிலைபெற்றதில் சென்னைக்குப் பெரும்பங்கு உண்டு. 1956ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை நிறுவின. இன்று சேத்துப்பட்டில் இயங்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வளர்ச்சியே.

அந்நாளில் காசநோய் என்றால் சானடோரியம் என்பதே மருத்துவ உலகின் விடை. தூய காற்று, சத்துணவு, முழு ஓய்வு ஆகிய மூன்றுமே சிகிச்சை எனக் கருதப்பட்டன. தாம்பரத்தில் 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கி, 1937இல் அரசு ஏற்றுக்கொண்ட சானடோரியம் இவ்வகையைச் சேர்ந்தது. அங்குள்ள புகைவண்டி நிலையத்தின் பெயர் இன்றும் அதை நினைவூட்டுகிறது. ஆனால் நோயாளிகளோ பல லட்சம். படுக்கைகளோ மிகச் சில. எனவே, படுக்கை கிடைக்காதவரை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்தது.

சென்னை மையம் 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டது. சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் ஒரு பிரிவினரைச் சானடோரியத்துக்கும் மறுபிரிவினரை வீட்டுக்கும் அனுப்பியது. இருவருக்கும் ஒரே மருந்து: ஐசோநயாசிட், அதனுடன் பாஸ் எனப்படும் மருந்து, ஓராண்டுக் காலம். வீட்டிலிருந்தவர்கள் நெருக்கடியான குடிசைகளில் வாழ்ந்தவர்கள். அவர்களின் உணவும் ஓய்வும் சானடோரியத்தில் கிடைத்ததைவிடக் குறைவு. 1959இல் முடிவு வெளியாயிற்று. ஓராண்டின் இறுதியில் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டில் நூற்றுக்கு 86 பேருக்கும் கிருமி அடங்கியிருந்தது. இரண்டுக்குமிடையே பெரிய வேறுபாடு இல்லை. வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை.

இந்த முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையைத் திருப்பிப் போட்டது. நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து ஆண்டுக்கணக்கில் படுக்க வைக்கும் வழக்கம் மறைந்தது. ஏழை நோயாளியின் நலனுக்காக நம் மண்ணில் செய்யப்பட்ட ஆராய்ச்சிகளில் இதற்கு இணையானவை மிகச் சிலவே.

அளவுகோலின் எல்லை

இத்தனை சிறப்புடைய ஆய்வில் குறை காண்பது முறையா என்று கேட்கலாம். ஆய்வில் குறை இல்லை. அதை நாம் பயன்படுத்திய விதத்திலேயே குறை இருக்கிறது.

சென்னை ஆய்வின் தீர்ப்பு முதன்மையாகச் சளிச் சோதனையின் மீது நின்றது. கொல்லும் நோயை, பிறருக்குத் தொற்றும் நோயை, மருந்து அடக்குகிறதா என்பதே அன்றைய கேள்வி. அதற்குச் சளியே சரியான அளவுகோல். ஆனால் காலப்போக்கில், ஒரு கேள்விக்கு ஏற்ற அளவுகோல் எல்லாக் கேள்விக்கும் ஏற்ற அளவுகோலாகிவிட்டது. கிருமி போயிற்று என்பதும் மனிதர் நலமடைந்தார் என்பதும் ஒன்றே என்று பதிவேடு கொள்கிறது. நெருப்பு அணைந்தது என்பதைக் கொண்டு வீடு குடியிருக்கத் தக்கது என்று முடிவு செய்யலாமா?

ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் பிளாண்டையர் நகரில், மருந்து முடித்த 405 பேரை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தனர். 2020இல் வெளியான அந்த ஆய்வின்படி, மருந்து முடிந்த வேளையில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மூச்சளவி காட்டிய அளவு இயல்பானதாக இல்லை. காசநோயிலிருந்து மீண்டு 2020இல் உலகில் உயிருடன் இருந்தவர்கள் சுமார் 15 கோடியே 50 லட்சம் பேர் என்று மற்றொரு கணிப்பு கூறுகிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், 'குணமடைந்தார்' என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனை பெரிய கூட்டம் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறது என்பது புலனாகும்.

நுரையீரலில் நிகழ்வது என்ன?

நலமான நுரையீரலில் காற்றும் இரத்தமும் சந்திக்கும் பரப்பு ஏறத்தாழ 70 சதுர மீட்டர். ஒரு சிறு வீட்டின் தரையளவு அது. காசநோய் இப்பரப்பை மூன்று வகையில் கெடுக்கிறது. சில இடங்களில் திசு கரைந்து பொந்து விழுகிறது. சில இடங்களில் புண் ஆறித் தழும்பாகி, ரப்பர் போல் விரிந்த பகுதி தோல்வார் போல் விறைத்துப் போகிறது. சில இடங்களில் காற்றுக்குழல்கள் சுருங்குகின்றன, அல்லது தளர்ந்து அகன்று சளி தேங்கும் பைகளாகின்றன. குழல் சுருங்குவது சிறிய செய்தி அன்று. சீராக ஓடும் பாய்மத்துக்கு, குழலின் ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகும் என்பது நம் இயற்பியல் பாடநூல் விதி.

இச்சேதத்தை மருந்து சரிசெய்வதில்லை. மருந்தின் வேலை கிருமியைக் கொல்வது. அதை அது செய்து முடித்துவிட்டது.

மலையடிவாரத்தில் ஒரு கணக்கு

இக்கட்டுரையை நான் எழுதுவது வடக்கனந்தலிலிருந்து. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலையின் அடிவாரத்தில், கோமுகி அணைக்கு அருகிலுள்ள ஊர் இது. சுற்றிலும் கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளைகின்றன. கரும்பு வெட்டுவது, கட்டைத் தூக்கி வண்டியில் ஏற்றுவது, மலைச்சரிவில் ஏறுவது ஆகியவை இங்கே பிழைப்பின் பகுதிகள். இத்தகைய ஊரில் மூச்சின் அளவே கூலியின் அளவு. ஆகவே கணக்கை இங்கேயே போட்டுப் பார்ப்போம்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் சரிவில் நிமிடத்துக்கு 10 மீட்டர் உயரம் ஏறுகிறார் எனக் கொள்வோம். அவர் செய்யும் வேலை 60 × 9.8 × 10, அதாவது 5,880 ஜூல். நம் தசைகள் எரிக்கும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே வேலையாகிறது. மற்றது வெப்பமாகிப் போகிறது. ஆகவே உடல் நிமிடத்துக்கு 29,400 ஜூல் செலவிட வேண்டும். ஒரு லிட்டர் ஆக்சிஜனைக் கொண்டு உடல் பெறும் சக்தி சுமார் 20,000 ஜூல். எனவே ஏறுவதற்கு மட்டும் ஒன்றரை லிட்டர் ஆக்சிஜன். சும்மா இருக்கவே தேவைப்படும் கால் லிட்டரையும் சேர்த்தால் ஒன்றே முக்கால் லிட்டர். ஒரு லிட்டர் ஆக்சிஜனை இரத்தத்தில் சேர்க்க, நலமான நுரையீரல்கூட ஏறத்தாழ 25 லிட்டர் காற்றை இழுத்து விட வேண்டும். ஆக, நிமிடத்துக்கு 44 லிட்டர் காற்று வேண்டும்.

ஒருவரால் நிமிடத்துக்கு அதிகப்படியாக எவ்வளவு காற்றை இழுத்து விட முடியும்? ஆழமாக மூச்சை இழுத்து வேகமாக ஊதும்போது முதல் விநாடியில் வெளிவரும் காற்றைப்போல் சுமார் 40 மடங்கு என்பது மூச்சளவி கொண்டு சோதிப்பவர்கள் கையாளும் தோராயக் கணக்கு. நலமானவர் முதல் விநாடியில் 3 லிட்டர் ஊதுவார். அவருடைய எல்லை 120 லிட்டர். 44 லிட்டர் அவருக்கு ஒரு பொருட்டன்று. காசநோய் நுரையீரலைச் சிதைத்து, முதல் விநாடியில் 1 லிட்டர் மட்டுமே ஊதக்கூடியவரின் எல்லை 40 லிட்டர். அவருக்குத் தேவை 44, இருப்பது 40. அவர் நின்றே ஆக வேண்டும். அவரைச் சோம்பேறி என்று சொல்பவர்கள் இந்தக் கழித்தலைச் செய்து பார்க்கட்டும். உண்மையில் சிதைந்த நுரையீரலுக்கு ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்கு 25 லிட்டர் காற்று போதாது. ஆகவே அவர் நிலை இக்கணக்கைவிட மோசமாகவே இருக்கும்.

இதே கணக்கில் ஒரு வழியும் தெரிகிறது. ஏறும் வேகத்தைப் பாதியாக்கினால் தேவை 25 லிட்டராகக் குறைகிறது. அதே மனிதர், அதே நுரையீரல், இப்போது ஏறிவிடுகிறார்.

மறுவாழ்வுப் பயிற்சி எதை மாற்றுகிறது?

நுரையீரல் மறுவாழ்வு என்று மருத்துவர்கள் அழைக்கும் பயிற்சி இக்கணக்கின் இரு பக்கங்களையும் சிறிது சிறிதாக மாற்றுவதே. தழும்பை அது அழிக்காது. அப்படி யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

முதலாவது, தசை. மாதக்கணக்கில் நோயுற்றுக் கிடந்தவரின் கால் தசை மெலிந்திருக்கும். மெலிந்த தசை சிறிய வேலைக்கே ஆக்சிஜன் போதாமல் லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகிறது. அதைச் சரிக்கட்டுவதில் கரியமில வாயு மிகுகிறது. அதை வெளியேற்ற இன்னும் வேகமாக மூச்சு விட நேர்கிறது. மூச்சு வாங்குகிறதே என்று அவர் நடப்பதைக் குறைக்கிறார். தசை மேலும் மெலிகிறது. நாள்தோறும் அளவாக நடந்து, நடையைப் படிப்படியாகக் கூட்டினால் தசை தேறுகிறது. அதே வேலைக்கு இப்போது குறைந்த மூச்சு போதும்.

இரண்டாவது, மூச்சு விடும் முறை. ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மில்லி லிட்டர் காற்று குழல்களிலேயே நின்று, பயனின்றித் திரும்புகிறது. நிமிடத்துக்கு 12 முறை, முறைக்கு 500 மில்லி லிட்டர் என்று மூச்சு விடுபவர் இழுக்கும் காற்று 6 லிட்டர், பயன்படுவது 4.2 லிட்டர். படபடப்பில் 24 முறை, முறைக்கு 250 மில்லி லிட்டர் என்று மேலோட்டமாக விடுபவர் இழுப்பதும் அதே 6 லிட்டர்தான். ஆனால் பயன்படுவது 2.4 லிட்டர் மட்டுமே. உழைப்பு குறையவில்லை, வரவு ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. எனவேதான் சூடான பாலை ஊதி ஆற்றுவதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விடக் கற்றுத் தருகிறார்கள்.

மூன்றாவது, சளி. கண்ணாடியில் ஆவி படியச் செய்வதுபோல் வாயைத் திறந்து 'ஹா' என்று காற்றைத் தள்ளும் முறையால், இருமி இருமிக் களைக்காமல் தேங்கிய சளியை வெளிக்கொணரலாம். இவற்றோடு கைகளுக்குச் சிறு எடைப் பயிற்சி, போதிய உணவு, பீடியையும் விறகடுப்புப் புகையையும் விலக்குதல் ஆகியன சேரும். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் வீதம் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் என்பது வழக்கமான காலம்.

சான்று எவ்வளவு வலிமையானது?

இங்கும் திறனாய்வுக் கண்ணை மூடலாகாது. புகையால் வரும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு இப்பயிற்சி பயன்தரும் என்பதற்குச் சான்று வலுவானது: 2015இல் வெளியான ஒரு தொகுப்பு 65 ஆய்வுகளையும் 3,822 பேரையும் உள்ளடக்கியது. காசநோய்க்குப் பின் வரும் சிதைவுக்குச் சான்று இத்தனை திரண்டதன்று. உகாண்டாவில் ஆறு வாரப் பயிற்சி அளித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றோரின் நடைத்தூரமும் வாழ்க்கைத் தரமும் உயர்ந்தன. ஆனால் அவர்கள் சிலரே, பயிற்சி பெறாத ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. காலம் செல்லச் செல்லத் தானே தேறியது எவ்வளவு, பயிற்சியால் தேறியது எவ்வளவு என்று அதைக் கொண்டு பிரித்துச் சொல்ல இயலாது. ஆயினும் 2021இல் பல நாட்டு வல்லுநர் கூடி வகுத்த நெறிமுறைகள், சிகிச்சை முடிவில் ஒவ்வொருவரின் நுரையீரலையும் மதிப்பிட வேண்டும் என்றும், தேவைப்படுவோர்க்கு மறுவாழ்வுப் பயிற்சி வேண்டும் என்றும் பரிந்துரைக்கின்றன.

பழைய சானடோரியங்கள் சிலவற்றில் இதன் முன்னோடி இருந்தது என்பது பலர் அறியாத செய்தி. இங்கிலாந்தின் பிரிம்லி சானடோரியத்தில் மார்க்கஸ் பேட்டர்சன் என்ற மருத்துவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, நோயாளிகளை முதலில் நடக்கவும், பிறகு கூடை சுமக்கவும், பிறகு மண்வெட்டி பிடிக்கவும் படிப்படியாகப் பழக்கினார். அதற்கு அவர் சொன்ன காரணம் இன்று ஏற்கத்தக்கதன்று. உழைப்பால் கிருமியின் நஞ்சு இரத்தத்தில் சிறிது கலந்து எதிர்ப்பாற்றலை வளர்க்கும் என்று அவர் நம்பினார். காரணம் தவறு, ஆனால் உழைப்பைப் படிப்படியாகக் கூட்டும் முறை இன்றைய பயிற்சியை ஒத்திருக்கிறது. சானடோரியம் தேவையில்லை என்று உலகம் முடிவு செய்தபோது, படுக்கையோடு இதுவும் போயிற்று. மருந்து மட்டும் வீட்டுக்கு வந்தது.

நம் மாநிலத்தில் என்ன செய்யலாம்?

தமிழ்நாடு அரசு 2022இல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. நோய் கண்டறியப்பட்டவுடன் எடை, உயரம், மூச்சின் எண்ணிக்கை, இரத்த ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்க முடிகிறதா என்பது ஆகியவற்றைப் பார்த்து, ஆபத்தான நிலையிலுள்ளவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கும் திட்டம் இது. விலையுயர்ந்த கருவி இல்லாமலே உயிர் காக்கும் அளவீடுகளைக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் வரை கொண்டுவந்த இம்முயற்சி மெச்சத்தக்கது.

நான் எழுப்பும் கேள்வி எளியது. முதல் நாள் மூச்சை அளக்கும் நாம், கடைசி நாளில் ஏன் அளக்கக் கூடாது? மருந்து முடித்தவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாக ஈராண்டு வரை பார்க்க வேண்டும் என்று தேசிய வழிகாட்டுதல் கூறத்தான் செய்கிறது. ஆனால் அதன் முதன்மை நோக்கம் நோய் திரும்பியதா என்று அறிவது. மூச்சு திரும்பியதா என்று அறிவதும் அதில் சேர வேண்டும்.

வேலைப்பளுவும் செலவும் கூடும் என்று ஊழியர்கள் சொல்லக்கூடும். மூச்சளவி எங்கும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஆறு நிமிட நடைச் சோதனைக்கு 30 மீட்டர் நீளமுள்ள சமதரை, ஒரு கடிகாரம், விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி ஆகியவை போதும். எங்கள் ஊர்ப் பள்ளித் தாழ்வாரம்கூடப் பயன்படும். இடமில்லையெனில் நாற்காலியிலிருந்து ஒரு நிமிடத்தில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணலாம். உட்கார்ந்திருக்கையில் நல்ல அளவைக் காட்டும் ஆக்சிஜன் நடக்கையில் இறங்கக் கூடும்; ஆதலால் அசைவின்போது அளப்பதே பொருத்தம். பயிற்சிக்குப் பின் நடைத்தூரம் 30 மீட்டர் கூடினாலே அது பொருட்படுத்தத்தக்க முன்னேற்றம் என்று வல்லுநர் கொள்கின்றனர்.

பயிற்சியை எங்கே அளிப்பது? கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமாயிற்று. 2022இல் அங்கே அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. அங்கே தொடக்க மதிப்பீடு செய்யலாம். ஆனால் வாரம் மூன்று நாள் கூலியை இழந்து, கல்வராயன் மலைக் கிராமத்திலிருந்து இறங்கி, பஸ் ஏறி வா என்றால் எத்தனை பேர் வருவார்கள்? இந்த இடத்தில்தான் 1959ஆம் ஆண்டு ஆய்வின் உண்மையான பாடம் நமக்கு வழிகாட்டுகிறது. சிகிச்சை நோயாளியின் வீட்டுக்குப் போகலாம் என்பதே அப்பாடம். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடி வருகிறார்கள். பக்கவாதம் வந்தவரின் கையைப் பழக்க வருபவர், அடுத்த தெருவில் மூச்சு வாங்கும் ஒருவருக்கு நடையையும் மூச்சையும் கற்றுத் தரக் கூடாதா?

வாசகர்களுக்குச் சில சொற்கள்

மருந்து முடித்த உங்கள் உறவினருக்கோ அண்டை வீட்டாருக்கோ மூச்சு வாங்கினால், அதைத் தழும்பின் விளைவு என்று நீங்களே முடிவு செய்துவிட வேண்டாம். நோய் திரும்பியிருக்கலாம், இதயக் கோளாறாகவும் இருக்கலாம். சளியில் இரத்தம் வந்தால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். அதேபோல், எக்ஸ்ரே படத்தில் நிழல் தெரிகிறது என்பதை மட்டும் கொண்டு மறுபடியும் காசநோய் மருந்தைத் தொடங்குவதும் சரியன்று. பழைய தழும்பும் படத்தில் நிழலாகவே தெரியும். சளிச் சோதனை செய்யுங்கள் என்று கேளுங்கள். இவையெல்லாம் இல்லை என்று தெளிந்தபின், மருத்துவரின் சம்மதத்தோடு நடைப் பயிற்சியைத் தொடங்கலாம். பேச முடிகிற, ஆனால் பேச்சு இடையிடையே நிற்கிற வேகம் போதும். நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

மருந்து முடியும் நாளில் சுகாதார நிலையத்தில் இந்த ஒரு கேள்வியையும் கேளுங்கள்: "சளியைப் பார்த்தீர்கள்; நடக்க வைத்துப் பார்த்தீர்களா?" பலர் கேட்கத் தொடங்கினால், பதிவேட்டில் அதற்கும் ஒரு கட்டம் வரையப்படும். அந்தக் கட்டமும் நிரம்பிய பிறகு எழுதப்படும் 'குணமடைந்தார்' என்ற சொல்லை, கரும்புத் தோட்டத்துக்குத் திரும்பும் கூலியாளும் தயக்கமின்றி ஏற்றுக்கொள்வார்.